பறக்க மறுத்தவர்கள்

1919 ஜூலையில் ஒரு நாள். நியூயார்க்கை ஒட்டிய பெல்மான்ட் பார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குத் தபால் விமானம் கிளம்ப வேண்டிய நேரம். மூடுபனி தரையோடு தரையாகப் படிந்திருந்தது. அன்றைய முறைக்காரரான லியான் ஸ்மித், இந்தப் பனியில் விமானத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட ஹாமில்டன் லீயும் அதையே சொன்னார். வாஷிங்டனில் விமானத் தபாலுக்குப் பொறுப்பாக இருந்த உயரதிகாரி ஓட்டோ பிரேகர் இருவரையும் வேலையை விட்டு நீக்கினார்.

பிரேகருக்கு விமானத் தபால் என்பது ஒரு கால அட்டவணை. இத்தனை முறை கிளம்ப வேண்டும் என்றால் இத்தனை முறை கிளம்பியாக வேண்டும். நூற்றுக்கு எத்தனை பயணங்கள் முடிந்தன என்ற கணக்கை வைத்துத்தான் அவர் நாடாளுமன்றத்தில் பணம் கேட்டார். விமானத்தில் உட்கார்ந்திருந்தவரின் நிலைமை வேறு. அன்றைய விமானத்தில் கூரை கிடையாது. பனிக்குள் நுழைந்தால் எது மேல், எது கீழ் என்று காட்டக்கூடிய நம்பகமான கருவியும் கிடையாது. ரயில் தண்டவாளத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, மரக்கிளை உயரத்தில் பறந்து ஊர் சேர்வதுதான் வழக்கம். அதற்கு வேகம் குறைந்த கர்ட்டிஸ் ஜென்னி தோதாக இருந்தது. அன்று எடுக்கச் சொன்ன, லிபர்ட்டி எஞ்சின் பூட்டிய கர்ட்டிஸ் ஆர்-4 கனமானது, வேகமானது. பனிக்கு அடியில் மெதுவாக ஊர்ந்து போக அது ஒத்துவராது. 1918 முதல் 1927 வரை அரசே நடத்திய அந்தத் தபால் சேவையில் 30-க்கும் மேற்பட்ட விமானிகள் செத்தார்கள்.

இருவரையும் திரும்ப எடுக்கும்வரை பறக்க மாட்டோம் என்று மற்ற விமானிகளும் நின்றுவிட்டார்கள். அமெரிக்காவின் முதல் விமானிகள் வேலைநிறுத்தம் அதுதான். சில நாள்களிலேயே பிரேகர் இறங்கிவந்தார். வானிலை சரியா என்பதை இனி அந்தந்த விமானத்தளத்தின் மேலாளர் முடிவு செய்வார். சந்தேகம் வந்தால் மேலாளரே முதலில் மேலே போய்ப் பார்க்க வேண்டும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்றால், விமானியோடு ஏறி உட்கார்ந்து போக வேண்டும். கிளம்பு என்று கட்டளையிடுபவரும் அந்த ஆபத்தில் பங்கெடுக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில் இருக்கும் நியாயம், அதற்குப் பின் வந்த எத்தனையோ ஒப்பந்தங்களில் இல்லை.

ஹாமில்டன் லீக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவர் பின்னாளில் யுனைடெட் ஏர்லைன்ஸில் சேர்ந்து 1949-இல் ஓய்வுபெற்றார். அதற்குள் 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1994-இல் மறைந்தார். லியான் ஸ்மித்தைத் திரும்ப எடுக்கவில்லை. முதலில் மறுத்தவர் அவர்தான்.

விமானிகளின் வேலைநிறுத்த வரலாறு முழுக்க இந்த இருவரின் தலைவிதியும் மாறி மாறி வருகிறது. போராட்டம் ஜெயித்தாலும் யாரோ ஒருவர் வெளியே நின்றுவிடுகிறார். ஒப்பந்தப் பேச்சு இழுபறியாகி, நிறுத்துவோமா வேண்டாமா என்று விமானிகள் எடைபோடும்போதெல்லாம், வெளியே நிற்கப்போவது யார் என்ற கேள்விதான் கடைசியில் தராசைச் சாய்த்திருக்கிறது.

விமானிகளுக்கென்று நிலையான சங்கம் வர மேலும் 12 ஆண்டுகள் ஆயின. 1931-இல் சிகாகோவில், டேவிட் பென்கி என்ற விமானி, வெவ்வேறு கம்பெனிகளைச் சேர்ந்த சக விமானிகளை ரகசியமாகத் திரட்டி ‘ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் என்று வாய் திறந்தாலே வேலை போய்விடக்கூடிய பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. கார் தயாரிப்பாளர் இ. எல். கார்ட் நடத்திய செஞ்சுரி ஏர் லைன்ஸ், 1932 பிப்ரவரியில் விமானிகளின் சம்பளத்தில் பாதிக்கு மேல் வெட்டியது. ஒப்புக்கொள்ளாதவர்களுக்குக் கதவை அடைத்தது. வீதியில் நின்றவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பியவர் ஃபியரெல்லோ லா கார்டியா. பின்னாளில் நியூயார்க் மேயரான அவர், முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் விமானம் ஓட்டியவர். சில மாதங்களில் கார்ட் அந்தக் கம்பெனியை விற்றுவிட்டார். சங்கத்தைப் பொறுத்தவரை அதில் கிடைத்த பெரிய லாபம், விமானி என்ற பெயர் வாஷிங்டன்வரை எட்டியதுதான்.

அதன் பலன் 1934-இல் கிடைத்தது. அப்போதைய சண்டை, சம்பளத்தை எதை வைத்து அளப்பது என்பது. போயிங் 247, டக்ளஸ் டிசி-2 போன்ற வேகமான விமானங்கள் வந்துகொண்டிருந்தன. முதலாளிகள் மணிக்கணக்கில்தான் கொடுப்போம் என்றார்கள். வேகம் கூடினால் அதே தூரத்துக்கு மணி குறையும், சம்பளமும் குறையும். விமானிகள் மைல் கணக்கில் கேட்டார்கள். ஒரே நாளில் முன்பைவிட அதிகப் பயணிகளை, அதிகத் தூரம் கொண்டுசேர்க்கிறோமே, அந்த லாபத்தில் பங்கு வேண்டாமா என்பது அவர்கள் வாதம். தேசியத் தொழிலாளர் வாரியம் தன் 83-ஆவது தீர்ப்பில் இரண்டையும் கலந்தது. அடிப்படைச் சம்பளம் ஒன்று; அதன்மேல் விமானத்தின் வேகத்துக்கு ஏற்ற மணிக்கூலி; அதற்கும் மேல் மைல் கூலி. அத்தோடு, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் யாரும் பறக்கக் கூடாது என்ற வரம்பையும் வைத்தது. களைத்துப்போனவர் கையில் விமானத்தைக் கொடுக்கக் கூடாது என்ற பாதுகாப்புக் கவலை, இங்கே சம்பளத் தகராறின் வழியாக விதியானது.

1936-இல் இன்னொன்று நடந்தது. ரயில்வே தொழிலாளர்களுக்காக 1926-இல் எழுதப்பட்ட சட்டத்தை விமானத் துறைக்கும் விரித்தார்கள். இன்றைக்கும் அமெரிக்காவில் விமானிகள் ஒப்பந்தம் பேசுவது அந்தச் சட்டத்தின் கீழ்தான். அதன் போக்கு தெரியாவிட்டால், ‘விமானிகள் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்’ என்று வரும் செய்திகள் பீதியைத்தான் கிளப்பும்.

அந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு திருத்தலாம், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும்வரை பழையதே ஓடும். இரு தரப்பும் முட்டிக்கொண்டால் தேசிய சமரச வாரியம் வந்து உட்காரும். எத்தனை மாதம் உட்காரலாம் என்பதற்குக் கெடு கிடையாது. இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியம் கருதினால், நடுவர் தீர்ப்புக்குச் சம்மதமா என்று கேட்கும். ஒரு தரப்பு மறுத்தாலே, 30 நாள் ஆறப்போடும் காலம் தொடங்கும். அந்த 30 நாள் முடியும் நள்ளிரவில்தான் வேலையை நிறுத்தும் உரிமை பிறக்கிறது. அப்போதும் நாட்டின் அதிபர் தலையிட்டு அவசரக் குழு அமைத்து, அதை மேலும் தள்ளிப்போட முடியும். பழைய சம்பளத்தில் ஓடும் ஒவ்வொரு மாதமும் கம்பெனிக்கு மிச்சம் என்பதால், இந்தக் காத்திருப்பு யாருக்குச் சாதகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பணிமூப்புப் பட்டியல். விமானியின் வாழ்க்கையை நடத்துவது அதுதான். எந்த விமானம், எந்த ஊர், துணை விமானியின் வலது இருக்கையா தலைமை விமானியின் இடது இருக்கையா, பண்டிகைக்கு வீட்டில் இருக்கலாமா, ஆள் குறைப்பு வந்தால் யார் முதலில் போவது என்று எல்லாவற்றையும் கம்பெனியில் சேர்ந்த தேதி முடிவு செய்கிறது. 20 ஆண்டு அனுபவமுள்ள தலைமை விமானி ஒருவர் வேறு கம்பெனிக்குப் போனால், அங்கே பட்டியலின் கடைசி ஆள். சம்பளமும் அங்கிருந்துதான் தொடங்கும். 1960 முதல் 60 வயதிலும், 2007 இறுதியிலிருந்து 65 வயதிலும் கட்டாய ஓய்வு என்பதால், விட்டதைப் பிடிக்கக் காலமும் கிடையாது. நல்ல எஞ்சினியரோ வக்கீலோ கோபம் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வார். விமானிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. கம்பெனி மூழ்கினால் அவரும் மூழ்குவார். ஆகவே வேலைநிறுத்தம் அவருக்குக் கடைசி ஆயுதம். அது தன் மேலேயே பாயக்கூடியது என்பதும் அவருக்குத் தெரியும்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது சில முறை பாய்ந்தது. 1946 அக்டோபரில் டிடபிள்யூஏ கம்பெனி விமானிகள், நான்கு எஞ்சின் கான்ஸ்டலேஷன் விமானங்களுக்கான சம்பளம் கேட்டு நிறுத்தினார்கள். 1948-இல் நேஷனல் ஏர்லைன்ஸில், ஒரு விமானி நீக்கப்பட்டதில் மூண்ட சண்டை பிப்ரவரியிலிருந்து நவம்பர்வரை நீண்டது. கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 1958-இல் பெரிய கம்பெனிகள் சேர்ந்து ஒரு பரஸ்பர உதவி உடன்பாடு செய்துகொண்டன. ஒன்றில் வேலைநிறுத்தம் வந்தால், அதன் பயணிகளால் கூடுதல் வருமானம் பெறும் மற்ற கம்பெனிகள் அந்தப் பணத்தை அதற்கே கொடுத்துவிட வேண்டும். போட்டியாளர்களே முட்டுக்கொடுத்ததால் ஒரு கம்பெனி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடிந்தது. 1978-இல் விமானக் கட்டணத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியபோது இந்த உடன்பாடும் செல்லாமல் போனது.

ஆனால் கட்டுப்பாடு நீங்கியதில் விமானிகளுக்கு வந்த கேடு அதைவிடப் பெரிது. 1983 செப்டம்பரில் ஃபிராங்க் லொரென்சோவின் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. சங்க ஒப்பந்தங்களைத் தூக்கிப் போட்டது. 12,000 ஊழியர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, சம்பளத்தைப் பாதியாக்கி, மூன்றே நாளில் 49 டாலர் டிக்கெட்டோடு மறுபடி பறக்கத் தொடங்கியது. அக்டோபர் 1-ஆம் தேதி விமானிகள் நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆனால் பலர் மறியலைத் தாண்டி உள்ளே போனார்கள், வெளியிலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். இரண்டு ஆண்டு இழுத்து, 1985 அக்டோபரில் போராட்டம் ஓய்ந்தபோது விமானிகளிடம் எதுவும் மிஞ்சவில்லை. அன்று கருங்காலியாகப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் பத்தாண்டுகளுக்குப் பிறகும் கைமாறிக்கொண்டிருந்தது. விமானி அறையில் உபரியாக இருக்கும் மடக்கு இருக்கையில் சக விமானியை ஏற்றிக்கொள்வது இந்தத் தொழிலின் மரியாதை. அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குப் பல தலைமை விமானிகள் அதை மறுத்தார்கள்.

அந்தத் தோல்வி நடந்துகொண்டிருந்தபோதே, 1985 மே மாதம், யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் தங்கள் தராசைக் கையில் எடுத்தார்கள். சுமார் 5,000 பேர். தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஃபெரிஸ் கேட்டது இரட்டைச் சம்பளம். ஏற்கெனவே இருப்பவர்களின் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம். இனிச் சேர்பவர்களுக்கு மட்டும் வெகுவாகக் குறைத்துக் கொடுப்போம் என்றார். 1983-லேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இப்படியொரு ஒப்பந்தத்தை வாங்கியிருந்தது. இன்னும் வேலைக்கே வராதவருக்கு ஓட்டு கிடையாது. இருப்பவருக்கு நஷ்டம் கிடையாது. யார் எதிர்ப்பார்கள் என்பது கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு கசப்பான உண்மையும் இருந்தது. விமானிகளே குறைந்த சம்பளப் படி என்பதை ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எத்தனை ஆண்டில் புதியவர் பழையவரின் படிக்கு வந்து சேர்வார் என்பதில்தான் பேச்சு முறிந்தது. சங்கம் சில ஆண்டுகளில் என்றது. கம்பெனி மிக நீண்ட காலம் கேட்டது. ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், ஒரே பொறுப்போடு உட்காரும் இருவருக்கு வாழ்நாள் முழுக்க வேறு வேறு சம்பளம் என்றால், அந்தச் சங்கத்தில் அடுத்த தலைமுறை எதற்காகச் சேரும்?

மே 17 நள்ளிரவு கடந்ததும் நிறுத்தம் தொடங்கியது. கணிசமான விமானிகள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று கம்பெனி நம்பியிருந்தது. வந்தவர்கள் மிகச் சிலர். பறந்த விமானங்கள் வழக்கமான எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கான்டினென்டல் கற்றுக்கொடுத்த பாடம் பலித்திருந்தது. சங்கம் முன்கூட்டியே குடும்பங்களையும் திரட்டி வைத்திருந்தது. வீட்டுக் கடன் தவணையைப் பார்த்துத் தூக்கம் கெடும் மனைவியோ கணவரோ தளர்ந்தால் விமானியும் தளர்வார் என்பதை அது அறிந்திருந்தது.

இந்தக் கதையில் மறக்கக் கூடாதவர்கள் 570 பேர். நிறுத்தத்தை எதிர்பார்த்து யுனைடெட் அவர்களைத் தேர்ந்தெடுத்து, டென்வரில் பயிற்சியும் கொடுத்து வைத்திருந்தது. நிறுத்தம் தொடங்கியதும் வந்து பறந்தால் வேலை உறுதி. வராவிட்டால் இல்லை. பெரும்பாலோர் இளைஞர்கள், பெரிய கம்பெனியில் சேர வேண்டும் என்பதற்காகச் சிறு கம்பெனிகளிலும் ராணுவத்திலும் ஆண்டுக்கணக்கில் பறந்து மணிக்கணக்கைச் சேர்த்தவர்கள். சங்கத்தில் அவர்கள் உறுப்பினர்கூட அல்ல. குறைந்த சம்பளப் படியில் விழப்போகிறவர்களே அவர்கள்தான். அவர்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் மட்டுமே உள்ளே போனார்கள். மற்றவர்கள் மறியலில் நின்றார்கள்.

சம்பளத் தகராறு சில நாள்களிலேயே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தம் 29 நாள் நீடித்ததற்கு ஒரு காரணம், மறியலைத் தாண்டியவர்களுக்குப் பணிமூப்பில் சலுகை தருவோம் என்றும், அந்த 570 பேரை எடுக்க மாட்டோம் என்றும் கம்பெனி பிடிவாதம் பிடித்தது. வேலை உறுதியான 5,000 பேர், தங்களோடு நின்ற அந்நியர்களுக்காகச் சம்பளமில்லாமல் மேலும் சில வாரம் நின்றார்கள். இந்தத் தொழிலின் வரலாற்றில் இதைவிடப் பெருமைப்படத்தக்க நாள்கள் இல்லை. ஜூன் நடுவில் நிறுத்தம் முடிந்தபோது 570 பேரின் பிரச்சினை நீதிமன்றத்துக்குப் போனது. சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 1919-இன் லியான் ஸ்மித்துக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது.

நான்கு ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே உள்நாட்டு விமானிகள் 29.47 சதவீத ஊதிய உயர்வு கேட்டார்கள். பிரதமர் பாப் ஹாக்கின் தொழிற்கட்சி அரசும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து சம்பள உயர்வுக்கு ஒரு வரம்பு போட்டிருந்த காலம். மற்ற தொழிலாளர்கள் அந்த வரம்புக்குக் கட்டுப்பட்டிருக்க, நாட்டிலேயே நல்ல சம்பளம் வாங்குபவர்கள் அதைத் தாண்டக் கேட்டதால் ஆதரவுக்கு ஆள் இல்லை. 1989 ஆகஸ்ட் 18 முதல், காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மட்டுமே பறப்போம் என்றார்கள். கம்பெனிகள் விமானிகள்மீது தனித்தனியாக வழக்குத் தொடுத்தன. வீடும் சேமிப்பும் பறிபோகாமல் தப்பிக்க, ஆகஸ்ட் 24 அன்று 1,600-க்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள்.

தராசு அங்கேதான் உடைந்தது. வேலைநிறுத்தம் செய்பவர் இன்னமும் அந்தக் கம்பெனியின் ஆள். பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. ராஜினாமா செய்தவர் வெளியாள். அரசு விமானப்படை விமானங்களில் பயணிகளை ஏற்றியது, வெளிநாட்டு விமானங்களையும் விமானிகளையும் வரவழைத்தது. கம்பெனிகள் தனித்தனி ஒப்பந்தங்களில், குறைந்த எண்ணிக்கையில் ஆள் எடுத்தன. விக்டோரியா உச்ச நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராக 60 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 1990 மார்ச் வாக்கில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கானோர் பிழைப்புக்காக ஆசிய, வளைகுடா நாட்டு விமானக் கம்பெனிகளுக்குப் போனார்கள். அவர்களுடைய கோரிக்கையின் நியாயத்தைப் பற்றி இரு கருத்து இருக்கலாம். ஒரு கையெழுத்தில் தங்கள் பட்டியலையே தாங்களே கிழித்துக்கொண்டது துயரமான தவறு.

அமெரிக்காவில் அதன் பிறகு நிறுத்தங்கள் அருகின. 1997 பிப்ரவரி 15 நள்ளிரவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலையை நிறுத்திய சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் அவசரக் குழுவை அமைத்து அவர்களைத் திருப்பி அனுப்பினார். 1999-இல் அதே விமானிகள் முறையான வழியை விட்டு, உடம்பு சரியில்லை என்று கூட்டமாக விடுப்புப் போட்டார்கள். நீதிமன்றம் திரும்பச் சொல்லியும் பலர் திரும்பாததால் சங்கத்துக்கு விழுந்த அபராதம் 4.55 கோடி டாலர். 1998-இல் நார்த்வெஸ்ட், 2001-இல் 89 நாள் நீடித்த காம்ஏர், 2010 ஜூனில் சில நாள் நடந்த ஸ்பிரிட் என்று முழு நிறுத்தங்களும் இடையிடையே வந்தன. ஸ்பிரிட்டுக்குப் பிறகு, பத்தாண்டுகளுக்கு மேல் அமெரிக்கப் பயணிகள் விமானக் கம்பெனி எதிலும் விமானிகள் நிறுத்தவில்லை.

நிறுத்தாமலே ஜெயிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல 2022, 2023-ஆம் ஆண்டுகள் இடம் தருகின்றன. கோவிட் காலத்தில் கம்பெனிகள் செலவைக் குறைக்க மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பின. டெல்டாவில் மட்டும் 1,700-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பி வந்தார்கள். விமானிகள் இல்லை. இருந்தவர்களின் விடுமுறை நாள்களும் வேலை நாள்களாயின. விமான நிலைய வாசல்களில், முழுச் சீருடையில், தொப்பி அணிந்து, பதாகை ஏந்தி, கோஷம் எதுவும் போடாமல் அவர்கள் வரிசையாக நடந்தார்கள். சட்டப்படி அது வேலைநிறுத்தம் கிடையாது. வேலை இல்லாத நாளில் வந்து நடப்பவர்களை யாரும் தடுக்க முடியாது.

2022 இறுதியில் டெல்டா விமானிகளிடம் வேலைநிறுத்தத்துக்கு அதிகாரம் தரும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 99 சதவீதம் பேர் சரி என்றார்கள். உண்மையில் நிறுத்துவதற்கு அவர்கள் இன்னும் சமரச வாரியம், நடுவர் யோசனை, 30 நாள் என்று எல்லாப் படிகளையும் தாண்ட வேண்டியிருந்தது. இருந்தும் அந்த எண் பேச்சு மேசையில் தன் வேலையைச் செய்தது. 2023 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வைத் தந்தது. யுனைடெட்டோ அமெரிக்கனோ அதைவிட உயர்த்தினால், டெல்டாவின் சம்பளம் அதற்கும் ஒரு சதவீதம் மேலே போக வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது.

அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளும் சவுத்வெஸ்ட் விமானிகளும் வாக்களித்தார்கள். இரண்டிலும் அதே 99 சதவீதம். சவுத்வெஸ்ட்டில் சம்பளத்தோடு இன்னொரு கோபமும் சேர்ந்திருந்தது. 2022 கிறிஸ்துமஸ் பனிப்புயலில் அந்தக் கம்பெனியின் பணியாளர் ஒதுக்கீட்டு மென்பொருள் திணறி, சுமார் 16,700 பயணங்கள் ரத்தாயின. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்றே கம்பெனிக்குத் தெரியவில்லை. பழைய மென்பொருள் ஒருநாள் கைவிடும் என்று விமானிகள் சங்கம் ஆண்டுக்கணக்கில் எச்சரித்து வந்திருந்தது. கண் தெரியாத பனியில் கிளம்பச் சொன்ன பிரேகருக்கும் விமானத்தளத்தில் இருந்தவர்களுக்கும் நடந்த தகராறு, இங்கே கணினித் திரையில் நடந்தது. 2023 ஆகஸ்டில் அமெரிக்கன், செப்டம்பரில் யுனைடெட், 2024 ஜனவரியில் சவுத்வெஸ்ட் என்று ஒப்பந்தங்கள் வரிசையாக நிறைவேறின. நான்கு கம்பெனிகளிலும் வேலைநிறுத்தத்தால் ஒரு பயணம்கூட ரத்தாகவில்லை.